கப்பலுக்குப் பிறப்பு பார்க்கும் வரலாறு

1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் நடந்த கடற்போர் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் இரண்டே வரிகளில் முடிந்துவிடுகிறது: சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதின, எத்தரப்புக்கும் முழு வெற்றி கிட்டவில்லை. வெற்றி யாருக்கு என்பது பற்றி இரு நாட்டாரும் இரண்டு நூற்றாண்டுகளாக வாதாடி வருகின்றனர். ஆனால் 'பிரெஞ்சு', 'ஆங்கில' என்னும் இரண்டு அடைமொழிகளைப் பற்றி வாதம் எழுவதே அரிது. பிழை அவ்விரண்டு சொற்களிலேயே இருக்கிறது.

அன்று பிரெஞ்சு அணிவரிசையில் 'பெத்தீ அனிபால்' என்றொரு கப்பல் நின்றது. தமிழில் சொன்னால் 'சின்ன அனிபால்'. நான்கு வாரங்களுக்கு முன்புவரை அதன் பெயர் 'ஹானிபல்'. அது ஆங்கில அரசரின் 50 பீரங்கிப் போர்க்கப்பல். அதே நாளில் எதிர்ப்புறத்தில், ஆங்கில அணிவரிசையில், 'மொனார்கா' நின்றது. ஸ்பானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட அக்கப்பலை 1780 ஜனவரியில் செயின்ட் வின்சென்ட் முனைப் போரில் ஆங்கிலேயர் பிடித்தனர். ஆக, சோழமண்டலக் கரையோரம் அன்று இங்கிலாந்தின் மரத்தால் ஆன கப்பல் பிரான்சுக்காகவும், ஸ்பெயினின் கப்பல் இங்கிலாந்துக்காகவும் சுட்டன. இதைப் 'பிரெஞ்சுக் கப்பல்கள், ஆங்கிலக் கப்பல்கள்' என்று எழுதிக் கடந்துவிடும் வரலாறு, கப்பலைப் பார்க்கவே இல்லை. அது கொடியை மட்டும் பார்த்திருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. சில வேளைகளில் அதே வரலாறு கொடியைப் பார்க்க மறுத்து, கப்பலின் பிறப்பை மட்டும் பார்க்கிறது. எப்போது கொடியைப் பார்ப்பது, எப்போது பிறப்பைப் பார்ப்பது என்ற தேர்வு தற்செயலாக நடப்பதன்று. கைப்பற்றியவர் யார் என்பதைப் பொறுத்தே அது நடக்கிறது. தென்னிந்தியக் கடல் வரலாற்றை எழுதுவோரும் கற்பிப்போரும் இந்த இரட்டை அளவுகோலை அப்படியே கடன் வாங்கிக்கொண்டிருக்கின்றனர் என்பதே இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

முதலில் ஹானிபலின் வாழ்க்கை. 1779 டிசம்பரில் இங்கிலாந்தின் பியூலி ஆற்றங்கரையில் உள்ள பக்லர்ஸ் ஹார்ட் என்னும் சிற்றூரில், ஹென்றி ஆடம்ஸின் கப்பல் கட்டும் களத்தில் அது நீரில் இறக்கப்பட்டது. 1782 ஜனவரி 21 அன்று இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுப் படையணியிடம் சிக்கியது. அவ்வணியில் ஏற்கெனவே 74 பீரங்கிகளுடன் 'அனிபால்' என்ற கப்பல் ஒன்று இருந்தது. எனவே வந்து சேர்ந்தது 'சின்ன அனிபால்' ஆயிற்று. பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டிய புரோவிடியன், ஜூலையில் நாகப்பட்டினம், செப்டம்பரில் திருகோணமலை, 1783 ஜூனில் கடலூர் என ஐந்து போர்களிலும் அது பிரெஞ்சு வரிசையில் நின்றது. இங்கிலாந்துக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை. பிறந்த கொடியின் கீழ் அது பணியாற்றிய காலம் சற்றேறக்குறைய இரண்டு ஆண்டுகள். வரலாற்றில் அது பெயர் பெற்ற சண்டைகள் அனைத்தும் மற்றொரு கொடியின் கீழ் நடந்தவை.

இதைத் தனி விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 1778 ஆகஸ்ட் 10 அன்று புதுச்சேரிக்கு அப்பால் திரோன்ஜோலியின் பிரெஞ்சு அணியும் வெர்னனின் ஆங்கில அணியும் மோதின. பிரெஞ்சு அணியில் 'சார்த்தீன்' என்ற கப்பல் இருந்தது. அது பிறந்தது வணிகக் கப்பலாக. போர் நெருங்கியதும் பிரெஞ்சுக் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. பெயர் அன்றைய பிரெஞ்சுக் கடற்படை அமைச்சருடையது. அதே மாத இறுதிக்குள் அது ஆங்கிலேயர் கையில் சிக்கியது. பெயரை மாற்றும் சிரமத்தைக்கூட அவர்கள் மேற்கொள்ளவில்லை. பகை நாட்டு அமைச்சரின் பெயரைத் தாங்கியபடியே அது ஆங்கில அரசரின் கப்பலாயிற்று. 1780 நவம்பரில், ஐதர் அலியின் துறைமுகமான மங்களூர் அருகே அது அழிந்தது. வணிகச் சரக்கு, பிரெஞ்சு அரசு, ஆங்கில அரசு என மூன்று உடைமை நிலைகளை ஐந்தாறு ஆண்டுகளுக்குள் கண்ட கப்பல் அது.

வெர்னனின் அணியில் அன்று நின்ற கப்பல்களில் ஒன்று 'காவென்ட்ரி'. 28 பீரங்கிகள் கொண்டது. 1757இல், ஹானிபல் பிறந்த அதே ஆற்றங்கரையில் பிறந்தது. 1782 ஆகஸ்டில் இலங்கைக் கடலில் பிரெஞ்சு 'பெல்லோன்' கப்பலோடு கடுமையாக மோதியது. 1783 ஜனவரியில் கஞ்சம் கரைக்கு அப்பால் சுஃப்ரேனின் அணியிடம் தானே அகப்பட்டுப் பிரெஞ்சுக் கப்பலாயிற்று. ஐரோப்பாவில் அமைதிக்கான முன் உடன்படிக்கைகள் கையெழுத்தான மாதமும் அதுவே. புதுச்சேரிக் கடலில் பிரெஞ்சுக் கப்பல்களைத் துரத்திய கப்பல், நாலரை ஆண்டுகளில் பிரெஞ்சுக் கப்பலாகவே முடிந்தது.

துறைமுகங்களும் இப்படியே கைமாறின. நாகப்பட்டினம் 1781 நவம்பரில் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயருக்குச் சென்றது. திருகோணமலை 1782 ஜனவரியில் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆகஸ்ட் இறுதியில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் சென்றது. அமைதிக்குப்பின் டச்சுக்காரருக்குத் திரும்பி, 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்த எட்டு மாதங்களில் திருகோணமலையில் வாழ்ந்த தமிழ்க் கரையாளர் ஒருவரை 'டச்சு மீனவர்', 'ஆங்கில மீனவர்', 'பிரெஞ்சு மீனவர்' என்று மாற்றி மாற்றி எழுதும் வரலாற்றாசிரியர் எவரும் இல்லை. நிலத்துக்கு இந்த அறிவு வாய்த்திருக்கிறது. கப்பலுக்கு வாய்க்கவில்லை.

இனி இரட்டை அளவுகோலுக்கு வரலாம். 1749 அளவில் பம்பாய்க் கம்பெனியின் 'ரெஸ்டோரேஷன்' என்ற போர்க்கப்பலைத் துளாஜி ஆங்கிரேயின் கடற்படை கைப்பற்றியது. 1756 பிப்ரவரியில் வாட்சனும் கிளைவும் கேரியா எனப்பட்ட விஜயதுர்க்கத்தைத் தாக்கியபோது, எறிகுண்டு ஒன்று விழுந்து முதலில் தீப்பற்றியது அக்கப்பலே. அதிலிருந்து தீ பரவி ஆங்கிரேயின் கப்பற்படை முழுவதும் சாம்பலாயிற்று. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆங்கிரேயின் துறைமுகத்தில், ஆங்கிரேயின் மாலுமிகளுடன் நின்ற அக்கப்பல், எரியும் நாளிலும் ஆங்கிலக் குறிப்புகளில் கம்பெனி இட்ட பெயராலேயே சுட்டப்படுகிறது. கம்பெனியிடமிருந்து எடுக்கப்பட்டது என்ற விளக்கமும் கூடவே வருகிறது. அது யாருடைய கப்பல் என்ற கேள்விக்கு அந்த எழுத்தில் ஒரே பதில்தான்: திருடப்பட்ட ஆங்கிலக் கப்பல்.

ஹானிபலை இதனோடு ஒப்பிட வேண்டும். பிரெஞ்சு அரசர் கைப்பற்றியதும் அது உடனே பிரெஞ்சுக் கப்பல். அடுத்த மாதமே போர் அணிவரிசைப் பட்டியலில் எதிரியின் கணக்கில் வைக்கப்படுகிறது. ஆங்கில வரலாற்றாசிரியர்களும் அந்தக் கணக்கை மறுப்பதில்லை. நான்கு வாரக் கைப்பற்றல் உடைமையை மாற்றிவிடுகிறது. ஏழாண்டுக் கைப்பற்றல் மாற்றுவதில்லை. இரு நிகழ்வுகளிலும் செயல் ஒன்றே: ஆயுதத்தால் கப்பலை எடுத்தல். வேறுபடுவது எடுத்தவரின் தகுதி பற்றிய முன்முடிவு மட்டுமே.

இங்கு மொழியியல் கைகொடுக்கிறது. மெய் பொய் என்று சோதிக்க முடியாத, சொல்வதன் மூலமே ஒரு செயலை நிகழ்த்திவிடும் கூற்றுகள் உண்டு என்பதை விளக்க ஜே. எல். ஆஸ்டின் எடுத்துக்கொண்ட பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகளில் ஒன்று, கப்பலுக்குப் பெயரிடுதல். உரியவர், உரிய இடத்தில், உரிய முறையில் சொன்னால்தான் அக்கூற்று பலிக்கும். தகுதியற்ற ஒருவர் முந்திக்கொண்டு புட்டியை உடைத்துப் பெயரிட்டாலும் கப்பல் பெயர் பெறாது. ஆஸ்டின் நிறுத்திய இடத்தில் கடல் வரலாறு தொடங்குகிறது: அந்தத் தகுதியை வழங்குபவர் யார்? 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசுகள் ஒன்றுக்கொன்று அத்தகுதியை வழங்கிக்கொண்டன. கைப்பற்றிய கப்பலை நீதிமன்றத்தின் முன் நிறுத்தி, ஒரு தீர்ப்பால் உடைமையை மாற்றும் முறையை அவை பரஸ்பரம் ஏற்றன. ஆங்கிரேக்கு அந்த வட்டத்தில் இடமில்லை. அவர் பெயரிட்டால் பலிக்காது. அவர் எடுத்தால் உடைமை மாறாது.

ஆங்கிலத்தில் கைப்பற்றிய கப்பலைக் குறிக்கும் 'பிரைஸ்' என்ற சொல்லையும் நோக்கலாம். 'எடுக்கப்பட்டது' என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்தது. வெகுமதியைக் குறிக்கும் 'பிரைஸ்' வேறு மூலத்தது. 'விலை' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் காலப்போக்கில் ஒரே வடிவமாகிவிட்டன. இவ்வேறுபாடு அறியாமல் அதைத் தமிழில் 'பரிசுக் கப்பல்' என்று எழுதுவது வெறும் மொழிபெயர்ப்புப் பிழையாக நின்றுவிடாது. ஒருவரிடமிருந்து பறித்ததை மற்றொருவருக்குக் கிடைத்த வெகுமதியாக மாற்றித் தரும் அரசியல் அது. ஐரோப்பியர் பிடித்தால் 'பரிசு', ஆங்கிரே பிடித்தால் 'கொள்ளை' என்று ஒரே பக்கத்தில் இரு சொற்களை அமைப்பவர், தீர்ப்பை எழுதிய பிறகே சான்றைத் தேடுகிறார்.

கேரியாவின் முடிவே இதற்குச் சான்று. கோட்டையில் கிடைத்த ஏறத்தாழ பத்து இலட்சம் ரூபாய் மதிப்புள்ள பொருளை வென்றவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டனர். பங்கு வீதங்கள் படை புறப்படுமுன்பே பேசி முடிக்கப்பட்டிருந்தன. உடன் வந்த மராத்தியருக்கு அதில் பங்கில்லை. இந்நிகழ்வு கடற்கொள்ளையை ஒழித்த கதையாகவே எழுதப்பட்டது. கொள்ளையை ஒழித்தவர்கள் பங்கு பிரித்தனர் என்ற தொடரில் உள்ள நகை, எழுதியவர்களின் காதில் விழவில்லை.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

முதல் மறுப்பு: துளாஜியைப் பேஷ்வாவே கைவிட்டார், ஆங்கிலேயரோடு சேர்ந்து அவரை எதிர்த்தார், ஆகவே அவர் எந்த அரசின் கடற்படைத் தலைவரும் அல்லர். நிகழ்வு உண்மை. ஆனால் அது இங்குள்ள வாதத்துக்கே வலு சேர்க்கிறது. கானோஜி ஆங்கிரே சத்ரபதி சாகுவின் 'சர்கேல்', அதாவது கடற்படைத் தலைவர். போர்த்துக்கீசியரும் ஆங்கிலேயரும் வழங்கியதைப் போலவே அவரும் கடல் அனுமதிச் சீட்டு வழங்கினார். ஆங்கிலேயர் அவரையும் கொள்ளையர் என்றே அழைத்தனர். அரசின் ஏற்பு இருந்தபோதும் கொள்ளையர், ஏற்பு விலகியபோதும் கொள்ளையர் எனில், ஏற்பு அங்கு அளவுகோலாகவே இருந்ததில்லை.

இரண்டாம் மறுப்பு கப்பல் கட்டுமானம் அறிந்தோரிடமிருந்து வரும்: கப்பலின் பிறப்பிடம் முக்கியம், அடிமரத்தின் வளைவும் விலா மரங்களின் அமைப்பும் பிறந்த களத்தைச் சொல்லும். இதுவும் உண்மை; பிறப்பிடத்தை எவரும் அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் சுஃப்ரேனுக்கு மொரீசியசுக்குக் கிழக்கே சொந்தமான செப்பத்துறை இல்லை. பிடிபட்ட கப்பல்களிலிருந்தும் சிறு கப்பல்களிலிருந்தும் பாய்மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களில் நட்டார். ஆள் குறைந்தபோது சிப்பாய்களையும் லஸ்கர்களையும் ஏற்றிக்கொண்டார். மரம் ஒன்று, பாய்மரம் மற்றொன்று, கயிறு வேறொன்று, இழுக்கும் கைகள் இன்னொன்று என்ற நிலையில் மிதக்கும் பொருளுக்கு ஒற்றைத் தேச அடைமொழி சூட்டுவது எந்தக் கட்டுமான நூலுக்கும் உடன்பாடாகாது.

மூன்றாம் மறுப்பு: இது வெறும் சொல் விவாதம், இதனால் யாருக்கு என்ன இழப்பு? இழப்பு மனிதர்களுக்கு. ஹானிபலில் ஜேம்ஸ் ஸ்கர்ரி என்ற சிறுவன் பணியில் இருந்தான். கப்பல் பிடிபட்டபோது அவனும் கைதியானான். 1782இல் சுஃப்ரேன் தம்மிடமிருந்த ஆங்கிலக் கைதிகளை ஐதர் அலியிடம் ஒப்படைத்தார். அவர்களுள் அவனும் ஒருவன். பத்தாண்டுகள் மைசூர் அரசில் கழிந்தன. தப்பி வந்தபோது நாற்காலியில் அமர்வதும் முட்கரண்டியால் உண்பதும் அவனுக்கு மறந்திருந்தன, தாய்மொழியே தடுமாறியது. அவன் அனுபவம் 1824இல் நூலாக வெளிவந்தது. ஒரே நாளில் கைதான கப்பலும் சிறுவனும் இரு வேறு வழியில் சென்றனர். கப்பலின் உடைமை மாற்றம் கடற்படைப் பட்டியலில் பதிவாயிற்று. சிறுவனுடையது 'சிறைப்பட்டோர் கதைகள்' என்ற வேறொரு அலமாரிக்குப் போயிற்று. கப்பல் வரலாறு எழுதுவோர் அவனைப் படிப்பதில்லை. சிறை இலக்கியம் படிப்போர் கப்பலைத் தேடுவதில்லை.

ஸ்கர்ரிக்கு ஒரு நூலாவது கிடைத்தது. லஸ்கர்களுக்கு அதுவும் இல்லை. இதே நாட்டுக் கரைகளில் பிறந்து, எந்தக் கொடி ஏறினாலும் அதன்கீழ்ப் பாய் இழுத்த அம்மனிதர்களை, 1823இல் இயற்றிய சட்டம் ஒன்றின் மூலம் ஆங்கில நாடாளுமன்றம் பிரிட்டிஷ் மாலுமிகள் அல்லர் என்று அறிவித்தது. பிடிபட்ட ஸ்பானியக் கப்பல் ஒரு தீர்ப்பால் ஆங்கிலக் கப்பலாகலாம். அதை வாழ்நாள் முழுதும் ஓட்டியவர் ஆங்கிலக் கப்பலின் மாலுமியாகக்கூட எண்ணப்பட மாட்டார். மரத்துக்குக் கிடைத்த தேசம் மனிதருக்குக் கிடைக்கவில்லை. கொடியை வைத்துக் கப்பலை எண்ணும் வரலாறு இந்த மறுப்பை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் தொடர்ந்து நடைமுறைப்படுத்துகிறது.

இந்த விவாதம் கழக்கூட்டத்துக்கு அந்நியமானதன்று. கழக்கூட்டத்திலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் கடல். சோழமண்டலத்துக்கும் மலபாருக்கும் இடையே, குமரிமுனை சுற்றிச் சென்ற போர்க்கப்பல்களின் வழி அது. அக்கரையோரமாகவே வடக்கே போனால் ஆங்கிலேயரின் கோட்டை நின்ற அஞ்சுதெங்கு. ஆங்கிரேயைக் கொள்ளையராக நிலைநிறுத்திய வரலாற்றை 1763 முதல் வெளியிட்ட ராபர்ட் ஆர்ம் பிறந்த ஊர் அது, ஆண்டு 1728. மலபார்க் கரையில் பிறந்த அவரை இந்திய வரலாற்றாசிரியர் என்று எவரும் வகைப்படுத்துவதில்லை. அவருடைய கொடியைக் கொண்டே வகைப்படுத்துகின்றனர். கப்பலுக்கு ஒரு நீதி, ஆளுக்கு ஒரு நீதி.

கழக்கூட்டத்தின் பெயரோ இன்னும் பழைய பாடத்தைச் சுமக்கிறது. எட்டுவீட்டில் பிள்ளைமாருள் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. மார்த்தாண்ட வர்மா வென்றபின் அந்த எட்டு வீடுகளும் அழிக்கப்பட்டன. அதிகாரம் செலுத்திய குடிகள் துரோகிகள் என்ற பெயரோடு நிலைத்தன. சி. வி. ராமன் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு நாவல் அப்பெயரை மேலும் உறுதியாக்கியது. தோற்றவரின் பெயரை வென்றவர் இடுவது எப்படி என்பதைக் கடலுக்குச் சென்று கற்க வேண்டியதில்லை. உடைமை என்பது சொல்லால் நிகழ்த்தப்படுவது என்பதும் இந்நாட்டுக்குப் புதிதன்று: 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா நாடு முழுவதையும் பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்து, தம்மைப் பத்மநாபதாசன் என அறிவித்தார். ஒரே நாளில், ஒரு சடங்கின் வழியே, ஒரு நாடே உடைமையாளரை மாற்றிக்கொண்டது. வயலும் ஏரியும் அப்படியே இருந்தன.

ஆனால் உள்ளூர்ப் பெருமையாளர்களும் இதே குற்றத்திலிருந்து தப்ப முடியாது. 1741இல் குளச்சலில் தோற்றுக் கைதான டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர் டி லனாய், திருவிதாங்கூர்ப் படையின் 'வலிய கப்பித்தான்' ஆனார். 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். அவர் கல்லறைக் கல்வெட்டு இலத்தீனிலும் தமிழிலும் அமைந்திருக்கிறது. கொடி மாறிய அம்மனிதரைத் 'திருவிதாங்கூரின் தளபதி' என்று கொண்டாடுவதில் எவருக்கும் தயக்கமில்லை. தயங்க வேண்டியதும் இல்லை. அதே நாவு, ஆங்கிரேயின் துறையில் நின்ற ரெஸ்டோரேஷனை 'ஆங்கிலக் கப்பல்' என்கிறது. மறுபுறம், ஆங்கிரேயின் கடற்படையைக் கலப்பற்ற சுதேசிப் படையாகச் சித்திரிக்கும் எழுத்துகளும் பெருகிவிட்டன. பிடிபட்ட கம்பெனிக் கப்பல் ஒன்று அத்துறைமுகத்தில் நின்றதையும், அதிலிருந்துதான் தீ பரவியதையும் அவை மறைக்கின்றன. கலப்பை மறைப்பவர் கொள்ளையர் என்பவருக்கு எதிரியல்லர். ஒரே தவற்றின் மறுமுனையில் நிற்பவர்.

இன்றைய இந்தியக் கடற்படையின் பெயர்ப்பட்டியல் இவர்களைவிடத் தெளிவானது. மும்பையில் ஐஎன்எஸ் ஆங்கிரே, ஐஎன்எஸ் குஞ்ஞாலி என்ற கடற்படை நிலையங்கள் இருக்கின்றன. நேற்றைய 'கடற்கொள்ளையர்' இன்று அரசுக் கடற்படையின் பெயர்கள். ஐஎன்எஸ் விராட் முதலில் ஆங்கிலேயரின் 'ஹெர்மிஸ்'. 1959 முதல் 1984 வரை அக்கொடியின் கீழ் இருந்து, 1987 முதல் 2017 வரை இந்தியக் கொடியின் கீழ்ப் பணியாற்றியது. ஐஎன்எஸ் விக்ரமாதித்யா ரஷ்யரின் 'அட்மிரல் கோர்ஷ்கோவ்'. முதல் ஐஎன்எஸ் டெல்லியோ 1939இல் தென் அமெரிக்கக் கடலில் ஜெர்மானியக் கப்பலோடு போரிட்ட 'அகிலீஸ்'. விராட்டை 'ஆங்கிலக் கப்பல்' என்று எழுதும் மாணவரின் தாள் திருத்தப்படும். பெத்தீ அனிபாலைப் பற்றிய அதே பிழை ஆய்வேடுகளில் மதிப்பெண் பெறுகிறது. 20ஆம் நூற்றாண்டுக்கு விலை கொடுத்து வாங்கிய ஆவணம் உண்டு, 18ஆம் நூற்றாண்டில் ஆயுதம் மட்டுமே உண்டு என்பது விடையாகாது. அக்கால ஐரோப்பியச் சட்டப்படி ஆயுதமும் உடைமை மாற்றும் முறைகளுள் ஒன்றே.

தமிழ் மொழி இதை எப்போதோ தீர்த்துவிட்டது. மாலுமி அரபு மொழியின் 'முஅல்லிம்'. அங்கு ஆசிரியர், இங்கு கப்பலோட்டி. சுக்கான் அரபு, நங்கூரம் பாரசீகம், கப்பித்தான் போர்த்துக்கீசியம். பிராங்கியர் என்ற ஐரோப்பிய இனத்தின் பெயர் கிழக்கே வந்து, தமிழில் ஒருபுறம் பறங்கியாகவும் மறுபுறம் பீரங்கியாகவும் நின்றது; ஆளும் ஆயுதமும் ஒரே வேரிலிருந்து பிரிந்தன. எதிர்த்திசையில் கட்டுமரம் ஆங்கிலத்துக்குச் சென்று, இரட்டை உடல் கொண்ட விரைவுப் படகாக வேறு பொருள் பெற்றது. சொற்களின் மூலத்தைச் சொற்பிறப்பியல் பதிவு செய்கிறது. ஆனால் 'நங்கூரம் பாய்ச்சினான்' என்பதைப் பாரசீகத் தொடர் என்று எந்த இலக்கணமும் சொல்வதில்லை. மூலம் ஒன்று, வழக்கு மற்றொன்று என்ற இந்த எளிய பாகுபாட்டை முதலாண்டு மொழியியல் மாணவர் அறிவார். கப்பல் வரலாறு இன்னும் அறியவில்லை. தமிழில் கப்பல் அஃறிணை. அதற்குக் குலமும் கோத்திரமும் கற்பிக்க இலக்கணம் இடம் தரவில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஆய்வேடுகளிலும் அருங்காட்சியகக் குறிப்புகளிலும் கப்பலின் பெயரை ஒற்றை அடைமொழியோடு எழுதுவதை விட்டு, உடைமை வரிசையாக எழுத வேண்டும்: ஹானிபல், இங்கிலாந்து, 1779 முதல், பெத்தீ அனிபால், பிரான்ஸ், 1782 முதல். கைப்பற்றியவர் யாராயினும் 'கைப்பற்றினார்' என்ற ஒரே வினையை ஆள வேண்டும். 'பரிசுக் கப்பல்' என்ற சொல்லைக் கைவிட்டுப் 'பிடிகப்பல்' என்று எழுதலாம். இலண்டன் ஆவணத்தில் ஒரு கப்பலின் கதை நிற்கும் நாளில் பாரிஸ் ஆவணத்தில் அது தொடங்குகிறது என்பதை மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும். இரண்டும் போதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தமிழ் நாட்குறிப்பும், சார்த்தீன் பிடிபட்ட 1778ஆம் ஆண்டிலேயே தொடங்கும் இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பும் அச்சில் இருக்கின்றன. கரையில் நின்று கப்பல்களின் வரவையும் போக்கையும் தமிழில் எழுதிவைத்த சான்றுகள் இவை. கடல் வரலாற்றின் நூற்பட்டியல்களில் இவற்றுக்கு ஓர் ஓரம் கிடைப்பதே அரிதாக இருக்கிறது.

கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டம் வளாகத்தில் மொழியியலும் தமிழும் வரலாறும் தனித்தனித் துறைகள். ஓலைச்சுவடி நூலகமும் அங்கேயே இருக்கிறது. சொல்லின் மூலத்தையும் வழக்கையும் பிரித்தறியும் பயிற்சி ஒரு துறையில் நடக்கிறது. நாட்குறிப்பின் தமிழைப் படிக்கும் திறன் மற்றொன்றில் இருக்கிறது. கப்பலின் நாளேட்டைப் படிக்கும் முறை மூன்றாவதில் கற்பிக்கப்படுகிறது. இம்மூன்றும் ஒரே மேசையில் கூடினால்தான் ஹானிபலின் வாழ்க்கையை ஒருவர் முழுமையாக எழுத முடியும். கூடாதவரை சதுரங்கப்பட்டினத்துக் கடலில் 'பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும்' மோதிக்கொண்டே இருக்கும். அவற்றின் பாயை இழுத்தவர்கள் எந்தப் பட்டியலிலும் ஏறாமலே இருப்பார்கள்.